6. கொழுப்பு, தழும்பு, கட்டி: சர்க்கரை நோயாளிகள் கல்லீரலைக் காப்பது எப்படி?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசியில் ‘ஃபேட்டி லிவர் – கிரேடு 1’ என்று ஒரு வரி இருக்கிறது. “இது இப்ப எல்லாருக்கும் இருக்கு, எண்ணெயைக் குறைச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த உறை பீரோவுக்குள் போய்விடுகிறது.

பலருக்கு அந்த வரி வருகிறது என்பது உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு அது ஆபத்தில் முடிவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அதோடு சர்க்கரை நோயும் தொப்பையும் சேர்ந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: “என் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா?” கொழுப்பு எவ்வளவு என்பதைவிடத் தழும்பு எவ்வளவு என்பதுதான் ஒருவரின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. சர்க்கரை நோயில் தொடங்கும் இந்தப் பாதை புற்றுநோயில் போய் முடிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அதை மறிக்கப் பல இடங்கள் இருக்கின்றன. அவை எவை, ஒவ்வோர் இடத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

யாரெல்லாம் கவனமாகப் படிக்க வேண்டும்?

• இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள்.
• இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல் உள்ள ஆண்கள், 80 செ.மீ.க்கு மேல் உள்ள பெண்கள்.
• ரத்த அழுத்தமோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்போ கூடுதலாக இருப்பவர்கள்.
• சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடியவர்கள்.
• பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ, குடிப்பழக்கம் இல்லாமலேயே கல்லீரல் சுருக்கம் வந்த குடும்பத்தினர்.

இடுப்பை அளக்க ஒரு தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலின் மேல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்ட் எப்போதும் குறைவான அளவையே காட்டும்.

குடிக்காதவருக்கும் கல்லீரல் புற்றுநோய் வருமா?

வரும். உலகில் 2022-இல் சுமார் 8,66,000 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 7,58,000 பேர் இறந்தார்கள். புற்றுநோய் இறப்புகளில் இதற்கு மூன்றாம் இடம். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி வைரஸ்கள், மது ஆகியவைதான் நெடுங்காலமாக இதன் முக்கியக் காரணங்கள். அந்த வரிசையில் இப்போது உடல் பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டன.

1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களை விவரித்தார்கள். திசுவைப் பார்த்தால் குடிகாரரின் கல்லீரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பலருக்கு உடல் பருமனும் சர்க்கரை நோயும் இருந்தன. 2003-இல் ஒன்பது லட்சம் அமெரிக்கர்களை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளியானது. உடல் நிறை குறியீடு (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது) 35-க்கு மேல் இருந்த ஆண்கள் கல்லீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, இயல்பான எடை கொண்டவர்களைவிட நான்கரை மடங்கு இருந்தது. சர்க்கரை நோய் மட்டுமே இந்த வாய்ப்பை இரண்டு முதல் மூன்று மடங்கு வரை கூட்டுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2023-இல் வெளியான ‘ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப்’ என்ற ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த அந்த ஆய்வில், தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களின் விகிதம் தேசிய சராசரியான 11.4 விழுக்காட்டைவிடக் கூடுதலாக இருந்தது. அதோடு, தெற்காசியர்களுக்குக் கையும் காலும் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று வரையறுத்திருக்கிறார்கள். “ஆள் ஒல்லிதான், அவருக்கு எப்படி ஃபேட்டி லிவர்?” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

அறிக்கைகளில் இந்த நோய் வெவ்வேறு பெயர்களில் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முன்பு ‘என்.ஏ.எஃப்.எல்.டி.’ என்று எழுதப்பட்டது, 2023 முதல் ‘மாசல்ட்’ என்று எழுதப்படுகிறது. ஏறத்தாழ இரண்டும் ஒன்றே.

சர்க்கரையிலிருந்து கட்டி வரை: நான்கு படிகள்

முதல் படி, கொழுப்பு. சாப்பிட்டதும் கணையம் சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்க்கிறது. கொழுப்புத் திசுவில் இருக்கும் கொழுப்பு கரைந்து வெளியேறாமலும் பார்த்துக்கொள்கிறது. தொப்பை விழுந்து உடலுழைப்பும் குறைந்தால் தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதில்லை. அப்போது தொப்பைக் கொழுப்பு கரைந்து, கொழுப்பமிலங்களாகக் கல்லீரலுக்கு வந்து சேருகிறது. ஈடுகட்டுவதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், உபரிச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. சர்க்கரையிலும் குளிர்பானங்களிலும் உள்ள ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய் எளிதாகக் கொழுப்பாகிறது. ஆகவே எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. தட்டில் குவியும் சோறும் டம்ளரில் கரையும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாகத்தான் சேருகின்றன.

இரண்டாம் படி, அழற்சி. கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது கொழுப்புக் கல்லீரல். பலருக்கு விஷயம் இதோடு நின்றுவிடுகிறது. சிலருக்கு மட்டும் கொழுப்பின் சுமையைத் தாங்க முடியாமல் செல்கள் வீங்கிச் சாகின்றன; நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே திரள்கின்றன. யாருக்கு இது நேரும் என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. ‘பி.என்.பி.எல்.ஏ.3’ என்ற மரபணுவின் ஒரு வகை உடையவர்களுக்குக் கொழுப்பும் தழும்பும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது 2008 முதல் தெரிந்துவந்திருக்கிறது.

மூன்றாம் படி, தழும்பு. கையில் வெட்டுப்பட்ட இடம் ஆறும்போது தழும்பு விழுவது போல, திரும்பத் திரும்பப் புண்படும் கல்லீரலிலும் நார்த்திசு படிகிறது. தழும்பு இல்லாத நிலை எஃப் 0. முழுக் கல்லீரல் சுருக்கம் எஃப் 4. வெறும் கொழுப்பு மட்டும் இருப்பவருக்கு இந்த எஃப் அளவில் ஒரு நிலை ஏறச் சராசரியாக 14 ஆண்டுகள் ஆகின்றன. அழற்சி உள்ளவருக்கு ஏறத்தாழ 7 ஆண்டுகள். சிலருக்கு இன்னும் வேகமாகவும் ஏறலாம். இவ்வளவு காலமும் வலி இருக்காது. பசி எடுக்கும், வேலைக்குப் போவார், ஊர்த் திருவிழாவுக்கும் போவார்.

நான்காம் படி, கட்டி. செத்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் ஓயாமல் பிறக்கும்போது டி.என்.ஏ.வில் பிழைகள் சேருகின்றன. ரத்தத்தில் ஓடும் அளவுக்கு மீறிய இன்சுலின் அந்தப் பிழையான செல்களுக்கும் “வளர்” என்றே சைகை தருகிறது. அழற்சியில் களைத்துப்போன எதிர்ப்பு செல்கள் அவற்றைத் தொடக்கத்திலேயே அழிக்கத் தவறுகின்றன. கொழுப்பினால் கல்லீரல் சுருக்கம் வந்தவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் இருவருக்குக் கட்டி தோன்றுகிறது. பத்து ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் இது பெரிய எண்ணிக்கை. தழும்பே இல்லாத கொழுப்புக் கல்லீரலில் இந்த வாய்ப்பு ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே. ஒரே ‘ஃபேட்டி லிவர்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு தூர இடைவெளி இருக்கிறது. தழும்பைத் தேடிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வேறு கல்லீரல் நோய்களிலிருந்து இந்த நோய் மாறுபடும் ஓர் இடமும் உண்டு. முழுச் சுருக்கம் வருவதற்கு முன்பே சிலருக்குக் கட்டி வந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் படியிலேயே மறிப்பதுதான் நல்லது.

தழும்பை அளப்பது: ஒரு சின்னக் கணக்கு

ஸ்கேன் அறிக்கையில் வரும் ‘கிரேடு’ கொழுப்பின் அளவைச் சொல்வது. அது தழும்பின் படியும் அல்ல, புற்றுநோயின் நிலையும் அல்ல. கிரேடு 1 உள்ள ஒருவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தாலும் தழும்பு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள ரத்தப் பரிசோதனைகளிலிருந்தே முதல் மதிப்பீட்டைச் செய்துவிடலாம். இதற்கு ‘ஃபிப்–4’ என்று பெயர். நான்கு எண்கள் தேவை: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எனும் இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் எனும் தட்டணு எண்ணிக்கை.

கணக்கு இதுதான்: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைத் தட்டணு எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாம் விடையால் வகுங்கள். தட்டணு 1.6 லட்சம் என்று அறிக்கையில் இருந்தால் 160 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள 54 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 52, தட்டணு 1.6 லட்சம்.

54 × 48 = 2,592
52-இன் வர்க்கமூலம் 7.21, அதை 160-ஆல் பெருக்கினால் 1,154
2,592 ÷ 1,154 = 2.25

அறிக்கையில் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம்தான் கூடியிருக்கின்றன. தட்டணுவும் ஏறத்தாழ இயல்பு என்றே தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் சேர்த்துப் பார்த்தால் இவருக்கு அடுத்த பரிசோதனை கட்டாயம் தேவை.

• 1.3-க்குக் கீழ்: முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0.
• 1.3 முதல் 2.67 வரை: கல்லீரலின் விறைப்பை அளந்து தழும்பைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும்.
• 2.67-க்கு மேல்: கல்லீரல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டெங்கு போன்ற காய்ச்சல் வந்து தேறிய சில வாரங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அப்போது தட்டணு குறைந்தும் எஸ்.ஜி.ஓ.டி. கூடியும் இருக்கும் என்பதால் விடை பொய்யாகக் கூடிவரும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இது நம்பகமானதல்ல.

ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனைக்கு மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்துப் பத்து முறையாவது மெல்லத் தட்டுவார்கள். சுண்டிவிடுவது போல உணர்வீர்கள், வலிக்காது. முடிவில் இரண்டு எண்கள் வரும். ‘கேப்’ என்பது கொழுப்பைக் காட்டும் எண். பெரிய எண்ணாக இருப்பதால் எல்லாரும் அதைப் பார்த்தே பயப்படுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கலில் வரும் விறைப்பு எண். அது 8-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 8 முதல் 12 வரை இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். 12-க்கு மேல் போனால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதோடு வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை செய்துவிடுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சி இருந்தால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். சர்க்கரை நோயோடு வைரஸும் சேர்ந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மேலும் கூடும்.

எடை: எத்தனை கிலோ, என்ன பலன்?

கல்லீரல் கொழுப்புக்கு இன்றுவரை முதல் மருந்து எடைக் குறைப்புதான். கியூபாவின் ஹவானாவில் 293 பேர் 52 வாரங்கள் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டார்கள். முன்னும் பின்னும் கல்லீரல் திசு எடுத்துப் பார்க்கப்பட்டது. 2015-இல் வெளியான அதன் முடிவுகளில், உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. கல்லீரல் தழும்பு ஒருமுறை விழுந்தால் அழியாது என்ற பழைய எண்ணத்தை இது மாற்றியது.

அந்த இலக்கைத் தொட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அதனால் மனம் தளர வேண்டியதில்லை, ஏனென்றால் சின்ன இலக்குக்கும் பலன் உண்டு. 70 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்கு இப்படி வரும்:

• 3.5 கிலோ (5 விழுக்காடு) குறைந்தால் கொழுப்பு குறையும்.
• 5 கிலோ (7 விழுக்காடு) குறைந்தால் அழற்சி அடங்கும் வாய்ப்பு கூடும்.
• 7 கிலோ (10 விழுக்காடு) குறைந்தால் தழும்பும் பின்வாங்கலாம்.

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே போதும். பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரலாம், அழற்சியும் கூடலாம். ஏற்கெனவே ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடு குறைந்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டு

இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ‘ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப்’ ஆய்வு சொல்கிறது. நம் வீட்டுத் தட்டைப் பார்த்தாலே இது தெரியும்: ஒரு மலை சோறு, ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போட வேண்டும். தட்டில் பாதி இடத்துக்குக் காய்கறியும் கீரையும். கால் பகுதிக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி போன்ற புரதம். மீதிக் கால் பகுதிக்குச் சோறோ சப்பாத்தியோ சிறுதானியமோ. முதலில் காயையும் பருப்பையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் சோறு போட்டால் அளவு தானாகக் குறையும். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி ஐந்தாறு சாப்பிட்டால் பலனில்லை. சிறுதானியமும் அளவோடுதான்.

டீயில் போகும் சர்க்கரையை எண்ணிப் பாருங்கள். ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நான்கு வேளை என்றால் எட்டு ஸ்பூன், அதாவது ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும். பழச்சாறைவிடப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுவது மேல்.

பூசணம் பிடித்த நிலக்கடலையை, சோளத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை வறுத்துச் சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் நேரடியாகக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. சமையல் சூட்டில் அது முழுமையாக அழிவதில்லை.

காபி பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2016-இல் இதைப் பதிவு செய்தது. நாளுக்கு இரண்டு மூன்று காபி குடிப்பவர்கள் தொடரலாம். சர்க்கரை மட்டும் வேண்டாம். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

மதுவைப் பொறுத்தவரை ஒரே பதில்தான்: வேண்டாம். கொழுப்பும் சர்க்கரை நோயும் உள்ள கல்லீரலுக்குப் ‘பார்ட்டியில் மட்டும்’ குடிப்பதும் சுமைதான். தழும்பு முற்றியவர்களுக்கு ஒரு துளியும் கூடாது.

வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்கும்படி நடக்க வேண்டும். எடை குறையாவிட்டாலும் நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, படி ஏறுவது. தசை வலுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

மருந்துகள்: எது உதவும், எதில் எச்சரிக்கை?

சர்க்கரை நோய்க்கான மருந்துகளில் சில கல்லீரலுக்கும் நன்மை செய்கின்றன. பயோகிளிட்டசோன், செமாகுளூடைடு ஆகியவற்றால் அழற்சி அடங்குவது திசுப் பரிசோதனைகளிலேயே நிரூபணமாகியிருக்கிறது. அழற்சியும் தழும்பும் உள்ளவர்களுக்காக ரெஸ்மெட்டிராம் மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், செமாகுளூடைடு ஊசிக்கு 2025 ஆகஸ்டிலும் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்தியாவில் இதே நோய்க்குச் சரோகிளிட்டசார் மாத்திரையைத் தர 2020-இலேயே அனுமதி கிடைத்தது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது. ஆனால் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று அதைச் சாப்பிடுவதில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரையைக் “கல்லீரலைக் கெடுக்கும்” என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஸ்டேட்டின் பாதுகாப்பானது. இந்த நோயாளிகளின் இறப்புக்கு முதல் காரணம் இதய, ரத்தக்குழாய் நோய்கள் என்பதால் அது உயிர் காக்கும் மருந்து.

‘லிவர் டானிக்’, சூரணம், எடைக் குறைப்புப் பவுடர் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை இந்திய மருத்துவர்களே பதிவு செய்தார்கள். ஏற்கெனவே தழும்பு விழுந்த கல்லீரல் இன்னோர் அடியைத் தாங்காது.

தழும்பு முற்றிவிட்டால்: ஆறு மாதக் கெடு

கல்லீரல் சுருக்கம் என்று உறுதியானவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், ‘ஏ.எஃப்.பி.’ எனும் புற்றுக்குறிப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்தே ஆக வேண்டும். எஃப் 3 நிலையில் உள்ளவர்கள் இது தமக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை.

ஏன் ஆறு மாதம்? கல்லீரல் கட்டி பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களில் இரண்டு மடங்காகிறது. இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே தோன்றும் கட்டி, அடுத்த முறை இன்னும் சிறியதாக இருக்கும்போதே கண்ணில் படும். ஒரு தவணையைத் தவறவிட்டால் அது குணப்படுத்தும் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே” என்பது தள்ளிப்போடக் காரணமாகாது. எடை சரிவது, வலப்பக்க வயிற்றில் வலி, மகோதரம் எனப்படும் வயிற்று நீர், மஞ்சள் காமாலை எல்லாம் பெரும்பாலும் கட்டி வளர்ந்த பிறகே வரும் அறிகுறிகள்.

அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் கல்லீரல் முழுவதும் தெளிவாகத் தெரியாது. அறிக்கையில் அப்படிக் குறிப்பு இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ஏ.எஃப்.பி. மட்டும் இயல்பாக இருப்பதை நம்ப வேண்டாம். கட்டி உள்ள பலருக்கு அது கூடுவதே இல்லை.

1 செ.மீ.க்கு மேல் கட்டி தெரிந்தால், சாயம் செலுத்திப் பல கட்டங்களாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் உறுதி செய்வார்கள். சுருக்கம் உள்ள கல்லீரலில் படத்திலேயே தெளிவான அடையாளம் கிடைத்தால் திசு எடுக்காமலே சிகிச்சை தொடங்கலாம். “சதை எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்றாங்க?” என்று சந்தேகப்பட வேண்டாம்.

சிறிய கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். ஊசி வழியே வெப்பம் செலுத்திப் பொசுக்கலாம். 5 செ.மீ.க்குள் ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்குள் மூன்று கட்டிகள் வரை என்ற எல்லைக்குள் இருந்தால் கல்லீரல் மாற்று சிகிச்சை நல்ல பலன் தரும் என்பதை 1996-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சையும் அடங்கும். கட்டி பெரிதாகிப் பரவியிருந்தாலும், ரத்தக்குழாய் வழியே கட்டிக்கு மருந்து செலுத்துவது, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் எனக் காலத்தை நீட்டும் வழிகள் இன்று கூடியிருக்கின்றன.

பிறவியிலேயே வரும் கோளாறுகள்

சர்க்கரை நோயைப் போலவே, உணவை உடல் பயன்படுத்தும் விதத்தில் ஏற்படும் வேறு சில கோளாறுகளும் கல்லீரல் புற்றுநோயில் முடியலாம். அரிதாகச் சில குழந்தைகள் இத்தகைய வளர்சிதை மாற்றக் கோளாறோடு பிறக்கிறார்கள். டைரோசினீமியா முதல் வகையில், புரதத்தில் உள்ள டைரோசின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதி இருப்பதில்லை. அதன் நச்சுக் கழிவுகள் கல்லீரலைத் தாக்கி, சிறுவயதிலேயே புற்றுநோயை உண்டாக்குகின்றன. 1991-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நிட்டிசினோன் என்ற மருந்தைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்தக் குழந்தைகளின் விதி மாறியது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் புற்றுநோய் குறைகிறது. கிளைகோஜன் சேமிப்பு நோயின் முதல் வகையில் வளர்ந்த பிறகு கல்லீரலில் தோன்றும் கட்டிகள் சில நேரம் புற்றாக மாறும் என்பதால் தொடர் ஸ்கேன் தேவை.

இந்த இரண்டும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வரும் நோய்கள். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைக்கு நீடித்த மஞ்சள் காமாலை, வயிறு உப்பல், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயக்கம் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். முந்தைய குழந்தைகள் யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

2021 பிப்ரவரியில் இந்திய அரசு தன் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலையும் சேர்த்தது. ஆகவே அரசு மருத்துவமனையிலும் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கிக்கொள்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

1. “என் ஃபிப்–4 எண் என்ன, டாக்டர்? போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா?”
2. “எனக்கு ஃபைப்ரோஸ்கேன் தேவையா? தேவையென்றால் எங்கே எடுக்கலாம்?”
3. “ஹெபடைட்டிஸ் பி, சி பார்த்தாயிற்றா? தடுப்பூசி போட வேண்டுமா?”
4. “என் சர்க்கரை மாத்திரைகளில் கல்லீரலுக்கும் உதவக்கூடிய மாற்றம் ஏதாவது செய்யலாமா?”
5. “எவ்வளவு எடை குறைத்தால் என் கல்லீரலுக்குப் போதும்?”
6. “தழும்பு முற்றியிருந்தால், அடுத்த ஆறு மாத ஸ்கேன் தேதி எது?”
7. “என் தம்பிக்கும் மகளுக்கும் இதைப் பார்க்க வேண்டுமா?”

விடைகளைச் சர்க்கரை நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே ஓர் ஆண்டின் எண்ணைவிட, அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே உங்களுக்கும் மருத்துவருக்கும் அதிகம் சொல்லும்.